சம்பத் சாருக்குப் போட்டுக் கொடுத்த பேசும் டிஸ்க்

என் கையெழுத்தைப் பார்த்து முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். அப்புறம் படியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றும் எனக்குத் தகராறுதான். ஒரே வார்த்தையை இந்தப் பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் எழுதியிருப்பேன். இதை யாராவது டைப் செய்வதாக இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆடி மாதம் நான் நம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்திருந்தபோது, இப்போது அங்கே வேலை பார்க்கிற நீங்கள் நால்வரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, இத்தனை வருஷம் பார்த்ததுல எங்களுக்கு நாலு விஷயம் சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றீர்கள். நான் "என்னத்தப்பா சொல்றது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி குனிந்து வேலை பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, எடமலைப்பட்டி புதூரில் நானும் என் மனைவியும் இட்லி மாவு அரைத்து விற்கிறோம். கிரைண்டர் ஓடும் நேரத்தில் சும்மாதான் இருக்கிறேன். அந்த நேரத்தில் எழுதியது இது.

ஓ.எஸ். டிஸ்க்கை, அதாவது கம்ப்யூட்டரை ஓடவைக்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுகிற டிஸ்க்கை, நாமே நம் தேவைக்குத் தகுந்த மாதிரி தயார் செய்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் பென் டிரைவில் பத்து நிமிடத்தில் முடிக்கிறீர்கள். ஆனால் தயார் செய்தது ஓடவில்லை, எதிரே ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் என்ன செய்வது? அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த ஒரு பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். புத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸ். புதிதாக நான்கு மெஷின் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பெயர் என்ன, நேரம் என்ன, ஹார்ட் டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் என்று வருகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல எனக்குச் சோம்பேறித்தனம். இங்கிலீஷ் கேள்வி என்றால் எனக்கு ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை மாதிரி. அதனால் எல்லாப் பதில்களையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி டிஸ்க்குக்குள் வைத்துவிட்டேன். பதில் கோப்பு என்று நாம் சொல்வோமே, அதுதான். டிஸ்க்கைப் போட்டால் எதையும் கேட்காமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளும். எனக்கு ஒரே பெருமை. நான்கும் முடிந்தது. ஐந்தாவதாக மூலையில் ஒரு பழைய மெஷின் இருந்தது. அதில் ஒரு பாட்டு சிடி ஓடவில்லை, டிரைவைப் பாருங்கள் என்று குமாஸ்தா சொன்னார். டிரைவ் படிக்கிறதா என்று பார்க்க என் டிஸ்க்கை அதில் போட்டேன். பாதியில் கரண்ட் போய் வந்தது. மெஷின் தானாக மறுபடி எழுந்தது. டிஸ்க் உள்ளேயே இருந்தது. கேட்காமல் செய்கிற டிஸ்க் கேட்காமலே செய்துவிட்டது. அந்த ஆபீஸின் மனுக்கள் எல்லாம் அந்த மெஷினில்தான் இருந்தன.

குமாஸ்தா என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்துவிட்டு, "சரி, பீரோவுல பேப்பர் இருக்கு. உக்காருங்க" என்றார். இரண்டு வாரம், வேலை முடிந்ததும் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் டைப் அடிப்பார், நான் பக்கம் புரட்டுவேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த டிஸ்க் தயார் செய்தாலும், அழிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கிற மாதிரிதான் செய்வேன். மற்ற கேள்வியெல்லாம் வேண்டாம். அந்த ஒன்று மட்டும் கட்டாயம்.

இனி சம்பத் சார் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கடை அப்போதும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அதே மாடியில்தான் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஒருவர் மடக்குக் குச்சியால் படியைத் தட்டிக்கொண்டு தனியாக ஏறி வந்தார். உள்ளே வந்ததும், "இருபத்திரெண்டு படி. நடுவுல ஒண்ணு மட்டும் குட்டை. கொத்தனார் கணக்குல வீக்கு போலிருக்கு" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். அவர்தான் சம்பத் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். ஒரு ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கீழச் சித்திரை வீதியில் தன் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறையை ஒழித்து, பார்வை இல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். காட்டூரிலிருந்து இரண்டு பேர். மருங்காபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒருவர்.

வெளியூர் அறக்கட்டளை ஒன்று பன்னிரண்டு பழைய மெஷின்களை அவருக்கு அனுப்பிவைத்திருந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. எப்போதும் பார்வை உள்ள ஒரு ஆள் கூட இருந்தால்தான் இந்த அறை நடக்கும் என்றால், மெஷின்களை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரில் பார்க்க வருகிறார்கள்.

"மெஷின் கெட்டா ஆள் வரணும். ஆள் வர ரெண்டு நாள் ஆறது" என்றார் சம்பத் சார். "அந்த ரெண்டு நாளும் பஸ்ஸுக்குச் செலவழிச்சுண்டு வந்தவா சும்மா உக்காந்துட்டுப் போறா. அதனால டிஸ்க்கைப் போட்டா அதுவே பேசணும். அதுவே எல்லாத்தையும் போட்டுக்கணும். திரையில என்ன வந்திருக்குன்னு நான் யாரையும் போய்க் கேக்கப்படாது. முடியுமோ?"

முடியும் என்று நான் தலையாட்டினேன்.

"எங்க ஆளு தலையாட்டுறாரு சார்" என்றார் முதலாளி.

"ஆட்டற சத்தம் எனக்குக் கேக்கலை. வாயைத் திறக்கச் சொல்லுங்கோ."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "முடியும் சார்" என்றேன். பிறகு, "ஆனா ஒரு கேள்வி மட்டும் கேக்கும் சார். இருக்கிறதையெல்லாம் அழிக்கவான்னு. அதை மட்டும் எடுக்க மாட்டேன்" என்றேன். நான் ஒரு வாடிக்கையாளரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"கேக்கட்டுமே. கேட்டுட்டு அழிக்கறது மரியாதைதானே" என்றார்.

இலவசமாகக் கிடைக்கிற ஓ.எஸ். ஒன்றை எடுத்து, திரையில் உள்ளதை வாசிக்கும் குரலை உள்ளே வைத்து, தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, பதில் கோப்பை எழுதினேன். அந்த மெஷின்கள் மிகப் பழையவை, பென் டிரைவ் ஏற்காது. டிஸ்க்தான் ஒரே வழி. இரண்டு நாளில் தயாராகிவிட்டது. புதன்கிழமை காலை கடையில் ஒரு மெஷினில் போட்டுப் பார்த்தேன். டிஸ்க் சுற்றியது. குரல் வரவில்லை. திரையில் சிவப்புப் பட்டையில் இங்கிலீஷில் நான்கு வரி வந்து நின்றது.

இங்கிலீஷ் செய்தி வந்தால் நான் என்ன செய்வேன் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு நோட்டில் எழுத்துக்கு எழுத்து பார்த்து வரைந்துகொள்வேன். வரைந்ததை எடுத்துக்கொண்டு கீழே ஜெராக்ஸ் கடை அக்காவிடம் போவேன். இந்தத் தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவர் உண்டென்றால் அது அந்த அக்காதான். அவருக்குக் கம்ப்யூட்டர் வேலை தெரியாது. ஆனால் உள்ளதை உள்ளபடி படிப்பார். தன் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருப்பதால் எழுதவில்லை. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். எங்களில் யாருக்கு வயது அதிகம் என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

"பதில் கோப்பைப் படிக்க முடியலையாம். கோப்பு கெட்டுப் போயிருக்கலாமாம்" என்று படித்துச் சொன்னார்.

கெட்டுப் போயிருக்கிறது என்றதும் எங்கள் எல்லோருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது. காலி டிஸ்க் மட்டம். மெதுவான வேகத்தில் மறுபடி ரைட் பண்ணினேன். அதே சிவப்புப் பட்டை. வேறு பாக்ஸில் இருந்த டிஸ்க்கில் பண்ணினேன். அதே பட்டை. டிரைவை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். முதலாளி தன் பங்குக்கு டிஸ்க்கை வேட்டி முனையால் துடைத்துக் கொடுத்தார். ஒரு தடவை தயார் செய்து, ரைட் பண்ணி, போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம். புதன்கிழமை முழுவதும் இப்படியே போயிற்று.

"நம்ம மெஷின்ல ஏதோ கோளாறுய்யா. நாளைக்கு அவங்க மெஷின்லயே போட்டுப் பாரு" என்றார் முதலாளி. "அங்கேயும் ஓடலைன்னா, மெஷின் பழசு, எங்களால ஆகாதுன்னு பக்குவமாச் சொல்லிட்டு வந்துடு."

பக்குவமாகச் சொல்வதற்கு என்னையா அனுப்புவது? அவருக்கும் வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் போனேன். பின்கட்டு அறையில் பன்னிரண்டு மெஷினும் துணி போட்டு மூடி வரிசையாக இருந்தன. அறையில் விளக்கே போடவில்லை. நான் தடவித் தடவி சுவிட்சைத் தேடியதைக் கேட்டுவிட்டு, "கதவுக்கு வலது கைப்பக்கம். வரவாளுக்காகத்தான் அது" என்றார் சம்பத் சார்.

டிஸ்க்கைப் போட்டேன். சுற்றியது. நின்றது. குரல் இல்லை. திரையில் அதே பட்டை. முதலாளி சொன்ன வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னொரு தடவை போடுங்கோ" என்றார். நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்தில் போட்டு, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக்கொண்டார். மறுபடி போட்டேன். சுற்றி நின்றது.

"டிஸ்க்கு கெட்டுப் போச்சுன்னா சொல்றேள்?"

"அப்படித்தான் வருதுங்க சார்."

"எனக்கு அப்படித் தோணலை. எங்காத்துல ஒரு பாட்டு சிடி கீறிப்போய்க் கெடக்கு. அதைப் போட்டா மெஷின் முக்கும். படிக்கப் பார்க்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும், கடகடன்னு அடிச்சுக்கும். இது முக்கவே இல்லையே. சமத்தாப் படிச்சுது. படிச்சுட்டு, வேண்டாம்னு வெச்சுடுத்து. அதுவும் ஆரம்பத்துலயே. சாப்பாட்டுல முதல் கவளத்துலயே கல்லு மாட்டின மாதிரி."

ஒரு நாள் முழுக்கத் திரையையே முறைத்துக்கொண்டிருந்த எனக்கு, டிரைவின் சத்தத்தைக் கவனிக்கத் தோன்றவே இல்லை. கெட்டுப்போன டிஸ்க் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்கும் தெரியும்தானே? எத்தனை ஆயிரம் கேட்டிருப்பேன். செய்தி சொன்னதை நம்பிவிட்டுக் காதை மூடிக்கொண்டேன். அக்கா கூட 'கெட்டுப் போயிருக்கலாம்' என்றுதான் படித்தார். மெஷினே உறுதியாகச் சொல்லாததை நாங்கள் உறுதியாக எடுத்துக்கொண்டோம்.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கொண்டு வரேங்க சார்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் கவளம் என்றால் பதில் கோப்பின் முதல் வரி. கடைக்கு வந்து கோப்பைத் திறந்தேன். அங்கே, எல்லா வரிகளுக்கும் மேலே, நடுவில், தனியாக ஒரு எழுத்து உட்கார்ந்திருந்தது.

உ.

பிள்ளையார் சுழி. நான்தான் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை தமிழ் விசைப்பலகையைச் சேர்த்த பிறகு, அது வேலை செய்கிறதா என்று பார்க்கும்போது அடித்தது. நல்ல காரியம், பார்வை இல்லாதவர்களுக்குச் செய்கிறோம், தலையில் இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே சுழி போட்டுவிட்டு எழுதுகிற கை இது. புதன்கிழமை அந்தக் கோப்பைப் பத்து தடவையாவது திறந்து பார்த்திருப்பேன். ஒரு தடவை கூட அது என் கண்ணில் படவில்லை. காகிதத்தின் மேலே உ இருப்பது வெற்றிலையில் பச்சை இருப்பது மாதிரி. யார் அதைப் பார்ப்பார்கள்?

மெஷினுக்குப் பிள்ளையாரைத் தெரியாது. முதல் வரியில் கேள்வியும் பதிலும் இருக்கும் என்று வந்தால் அங்கே ஒரு உ. புரியாமல் மொத்தக் கோப்பையும் தள்ளிவிட்டது.

கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்த எழுத்தை அழித்தேன். மறுபடி தயார் செய்து, ரைட் பண்ணி, போட்டேன். பிற்பகல் இரண்டரை மணி. பெருமையோடு முதலாளியையும் கூப்பிட்டு நிறுத்திவைத்தேன்.

அதே சிவப்புப் பட்டை.

அந்த நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், சரி செய்தும்விட்டோம், ஆனாலும் ஓடவில்லை என்று வரும் பாருங்கள், அப்போதுதான் மனது உடைந்துபோகும். கண்டுபிடித்ததே தப்பு என்று தோன்றும். வேறு எதையாவது மாற்று, இன்னொன்றை மாற்று என்று கை பறக்கும். எனக்கும் பறந்தது. பதில் கோப்பில் இன்னும் இரண்டு வரியை அழிக்கப் போனேன்.

முதலாளி போனை என் முன்னால் நீட்டினார். "போதும்யா. நேரமாச்சு. இப்பவே சொன்னா அவரு வேற யாரையாவது பார்த்துக்குவாரு. நாளைக்குக் காலைல சொன்னா அவரு கதி என்னாகும்? சொல்லிடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். நான் போனை வாங்கவில்லை. "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் குடுங்க. அப்புறம் நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றேன்.

"நீயா? போன்லயா?"

"ஆமாங்க."

நான் போனில் பேசுவதாகச் சொன்னதாலேயே அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு கோப்பில் எதையும் மாற்றாமல் எழுந்து, நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு நூறு காப்பி போட்டுக்கொண்டிருந்தார். அவர் முடிக்கும் வரை ஸ்டூலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடம் எனக்குத் தேவையாகவும் இருந்தது.

"என்னண்ணே, இன்னும் பேச மாட்டேங்குதா உங்க டிஸ்க்கு? செஞ்சவரு மாதிரியே இருக்கும் போல" என்றார்.

இந்தத் தடவை சிவப்புப் பட்டையை மட்டும் இல்லாமல், தப்பு எங்கே என்று மெஷின் தனியாக எழுதிவைக்கிற குறிப்பையும் நோட்டில் வரைந்து வந்திருந்தேன். அதைப் படித்தார். "ஒண்ணாம் நம்பர் வரியில தப்புன்னு போட்டிருக்குண்ணே."

"ஒண்ணாம் வரியில இருந்ததை எடுத்துட்டேனே அக்கா."

"நீங்க எடுத்துட்டீங்க. அது ஒண்ணாம் வரின்னுதான் இன்னும் சொல்லுது. நான் என்ன பண்ண?"

அவர் எப்போதும் அப்படித்தான். எனக்குப் பிடித்த மாதிரி படிக்க மாட்டார்.

மேலே வந்து நிதானமாக யோசித்தேன். திங்கட்கிழமை மதியம், சுழி போடுவதற்கு முன்னால், அந்தக் கோப்பின் ஒரு நகலைப் 'பழசு' என்ற ஃபோல்டரில் போட்டுவைத்திருந்தேன். வக்கீல் ஆபீஸுக்குப் பிறகு வந்த பழக்கம். அதற்கப்புறம் நான் செய்த ஒரே மாற்றம் உ போட்டதுதான். இப்போது உ-வையும் எடுத்தாயிற்று. அப்படியானால் பழசும் புதுசும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. சந்தேகத்துக்கு அக்காவையும் மேலே கூப்பிட்டுக் காட்டினேன். அவரும் இல்லை என்றார். பிறகு கோப்புகளின் அளவைப் பார்த்தேன். எழுத்துதான் எனக்குத் தகராறு, எண் தெரியும். புதுசு மூன்று பைட் அதிகமாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாமல் மூன்று பைட் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பின்னால்தான் எனக்கு விளங்கியது. உ-வோடு சேமித்தபோது, இதில் வேற்று மொழி எழுத்து இருக்கிறது, அதற்குத் தகுந்த மாதிரி சேமிக்கவா என்று மெஷின் கேட்டிருக்கிறது. படிக்காமல் சரி என்று தட்டியிருக்கிறேன். அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் ஒரு அடையாளக் குறியை அது வைத்துவிடுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. எழுத்தை அழித்தாலும் அந்தக் குறி போகாது. சுழியை அழித்தேன், சுழி போட்ட தடம் நின்றுவிட்டது.

அன்றைக்கு இந்த விளக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். பழசு சுத்தமாக இருக்கிறது, புதுசில் என்னவோ இருக்கிறது. அது என்ன என்று ஆராய்ச்சி செய்ய எனக்கு நேரம் இல்லை. புதுசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழசை வைத்துத் தயார் செய்தேன்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. டிஸ்க் சுற்றியது. வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்காமல் மேலும் சுற்றியது. பிறகு, தமிழை வாயில் போட்டு மெல்லுகிற மாதிரி ஒரு குரல், "வணக்கம்" என்றது. முதலாளி பதிலுக்கு "வணக்கம்ங்க" என்று சொல்லிவிட்டார். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் மேலே ஏறி வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஸ்ரீரங்கத்தில் இருந்தேன். கிளம்பும்போது முதலாளி, "டிஸ்க் மட்டமா வந்துருச்சு, வேற மாத்திட்டோம்னு சொல்லிக்க. நம்ம தப்புன்னு எதுக்கு?" என்று சொல்லித்தான் அனுப்பினார். நானும் அப்படியே சொல்வதாகத்தான் இருந்தேன். ஆனால் டிஸ்க் மட்டமில்லை என்று காதால் கேட்டுச் சொன்ன மனிதரிடம் போய் டிஸ்க் மட்டம் என்று எப்படிச் சொல்வது? நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

சம்பத் சார் டிஸ்க்கை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார்.

"பிள்ளையார் சுழியா! நான் எழுதியிருந்தா 'ஸ்ரீ'ன்னு போட்டிருப்பேன் ஓய். அப்பவும் ஓடியிருக்காது. யாரைப் போட்டாலும் நிக்கறதுன்னா மெஷினுக்குப் பட்சபாதம் இல்லைன்னு அர்த்தம்."

பதினொரு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மாவும் கூட ஒருவரும் வந்தார்கள். அந்த அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்த மெஷின்னு நாங்க சொல்றோம்" என்று ஏழாவது மெஷினைக் காட்டினார். நான் காலையில் இரண்டாவதில்தான் போட்டுப் பார்த்திருந்தேன். கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

சம்பத் சார் டிரைவின் தட்டைத் தடவித் திறந்தார். டிஸ்க்கை வைத்தார். மூடினார். சுற்றியது. நிமிடம் போயிற்று. குரல் வரவில்லை. திரை ஒன்றுமில்லாமல் கறுப்பாக இருந்தது. கூட வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

இரண்டு எட்டு வைத்தால் மெஷினிடம் போய்விடலாம். போய் ஒரு பொத்தானைத் தட்டினால் என்ன என்று கால் துடித்தது. ஆனால் நான் அதைத் தொட்டேன் என்றால், டிஸ்க் பேசினாலும் அவர் தோற்ற மாதிரிதான். கண் உள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது என்று ஆகிவிடும். நான் நகரவில்லை. அந்த அம்மாவுக்குப் பதிலும் சொல்லவில்லை. மரியாதை தெரியாதவன் என்று நினைத்திருப்பார்.

சம்பத் சார் தலையைப் பெட்டிப் பக்கம் சாய்த்தார். "அவரை விடுங்கோ. இது படிச்சிண்டிருக்கு. வயசான மெஷின், பொறுமையாத்தான் படிக்கும்."

இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு, "வணக்கம்" என்றது.

அதற்கப்புறம் அது வழக்கமாகச் செய்கிறதைச் செய்தது. அழிக்கும் இடம் வந்ததும் நின்று, இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அந்த அம்மா, "தெரியாம டிஸ்க்கைப் போட்டா எல்லாம் போயிடுமோன்னு கேக்கணும்னு இருந்தேன். அதுவே கேக்குதே" என்றார். சம்பத் சார் ஒரு விசையைத் தட்டினார். முடிகிற வரையில் அவர்கள் காபி குடித்தார்கள். கடைசியில் குரல், முடிந்தது, டிஸ்க்கை எடுக்கலாம் என்றது. அவர் எடுத்தார். மெஷின் எழுந்து பேச ஆரம்பித்தது.

"இதை யார் செஞ்சு குடுத்தாங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கதவுகிட்ட நிக்கறார் பாருங்கோ. ஒண்ணும் கேக்காதேள், தலைதான் ஆட்டுவார்" என்றார் சம்பத் சார்.

பன்னிரண்டு மெஷினும் அங்கேயே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்கு வரிசை போட்டுச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பிழைச் செய்தியை நம்பலாம், ஆனால் அது சொன்ன அளவுக்கு மட்டும்தான். பழக்கத்தால் செய்கிற காரியம் நம் கண்ணுக்கே தெரியாது, அதனால் தப்பு எங்கே என்று தேடும்போது அங்கே முதலில் பாருங்கள். எதையும் மாற்றும் முன் அதன் ஒரு நகலை எப்போதும் தனியே வைத்திருங்கள். தொடக் கூடாத நேரத்தில் தொடாமல் நிற்பதும் வேலைதான். எனக்கு வாய்த்தது இவ்வளவுதான்.

அதற்கப்புறம் இரண்டு மாதத்துக்கு சம்பத் சாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் காலை கடைக்குப் போன் வந்தது. முதலாளி எடுத்து, "உனக்குத்தான்யா, ஸ்ரீரங்கத்துலேர்ந்து" என்று நீட்டினார். ஏதோ ஓடவில்லை என்று நினைத்து, வாங்கும்போதே கருவிப் பையை இன்னொரு கையால் எடுத்துக்கொண்டேன்.

"சார், என்ன ஆச்சு சார்? உடனே கிளம்பி வரேங்க."

"எதுக்கு வரேள்? நேத்து சாயங்காலம் நாலாவது மெஷின் படுத்துடுத்து. மருங்காபுரிக்காரர் டிஸ்க்கைப் போட்டார். பேசித்து, கேட்டுது, பதில் சொன்னார், முடிஞ்சுது. கடைசி பஸ்ஸுக்குக் கூட நேரம் இருந்துது. காலைல எல்லாரும் வந்து வேலை பண்ணிண்டிருக்கா."

"அப்போ நான் என்ன செய்யணும் சார்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். உங்களைக் கூப்பிட வேண்டியே வரலைன்னு சொல்றதுக்குத்தான் கூப்பிட்டேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டே தலையாட்டினேன்.

எழுதி முடித்தது: ஐப்பசி மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை.